தொடாத பந்து

ரெஃப்ரி டீச்சர் விசில் ஊதிவிட்டார். கையும் மேலே போய்விட்டது, விரல் நுனிவரை விறைப்பாக, வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை தூக்குவது போல. இன்டைரக்ட் ஃப்ரீ கிக். ஒன்பது வருஷமாக நான் காத்திருந்தது இந்தத் தூக்கிய கைக்குத்தான். பந்து இன்னும் என் நெஞ்சோடு இருக்கிறது, கையுறை வழியாக அதன் சூடு ஏறுகிறது, தூத்துக்குடி வெயிலில் நாலரை மணிக்கும் பந்து தோசைக்கல் மாதிரிதான் இருக்கும். கீழே வை, முத்து. மெதுவாக வை. முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொள். நம் ஆள் காலால் தட்டிக்கொடுத்த பந்தை கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது, எடுத்தால் எதிராளிக்கு ஃப்ரீ கிக், அது தெருவில் ஆடுகிறவனுக்கும் தெரியும். எங்கள் டீம் லிங்கதுரை தட்டிய பந்து இரண்டு துள்ளு துள்ளி வந்தது, அவர்களுடைய பத்தாம் நம்பர் அதைத் துரத்திக்கொண்டு வந்தான், வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு வேறு வழியே இல்லை, பாவம் கீப்பர், விழுந்து எடுத்துவிட்டான். வழி இருந்தது. ஓங்கி ஓர் உதை விட்டிருந்தால் பந்து காம்பவுண்டைத் தாண்டி உப்பளத்தில் போய் விழுந்திருக்கும். ஓர் உதை என்ன, இரண்டு உதைக்கு நேரம் இருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். லிங்கதுரை தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நிற்கிறான், லாரி ஓட்டுகிறவனுக்கு உரிய தடித்த கழுத்து, அந்தக் கழுத்தெல்லாம் வேர்வை. அண்ணே, தப்பாத் தட்டிட்டேண்ணே என்கிறான். சிக்கல்னா யோசிக்காத, என்கிட்ட தட்டிரு என்று ஆட்டத்துக்கு முன்னால் அவனிடம் சொன்னதே நான்தான். சொன்னதைச் செய்திருக்கிறான்.

ஆளுக்கு ஒரு கோல், இன்னும் பதினைந்து நிமிஷம். முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான போட்டியில் அரையிறுதி, இதற்குப் போய் இத்தனை கூட்டம், காம்பவுண்டுச் சுவர்மேல் வரிசையாகக் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு. எல்லோருக்கும் தொப்பை, எல்லோருக்கும் மூச்சு வாங்குகிறது, ஒருத்தன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான், அவனுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். நல்லது, நேரம் ஆகட்டும். அவன் வரட்டும். வருகிறான். டெரன்ஸ் மச்சாது. ஃப்ரீ கிக் என்றால் அவர்கள் டீமில் வேறு யாரும் பந்துக்குப் பக்கத்தில் வரக் கூடாது, நாற்பத்தேழு வயதிலும் அதே திமிர், சாக்ஸை முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு அதே நடை. போன வாரம் அவர்கள் ஆட்டத்தைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று முழுசாகப் பார்த்தேன். இரண்டு ஃப்ரீ கிக், இரண்டையும் நேராக அடித்தான், வலது மேல் மூலையைப் பார்த்து. அவனுக்கு வேறு எதுவும் தெரியாது. டைரக்ட் ஆனால் என்ன, இன்டைரக்ட் ஆனால் என்ன, பந்தை வைப்பான், நாலு எட்டு பின்னால் போவான், அடிப்பான். இன்று அடிக்கட்டும். நேராக அடித்து, வழியில் யாரும் தொடாமல், பந்து உள்ளே போனால் கோல் கிடையாது, எங்களுக்குக் கோல் கிக். அவன் கையை விரித்துக்கொண்டு மூலைக் கொடிக்கம்பம்வரை ஓடுவான், சட்டையைத் தலைக்கு மேல் தூக்குவான், தொப்பை வெளியே தெரியும். டீச்சர் என் பக்கம் கையைக் காட்டுவார். சுவர்மேல் இருக்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள். அப்போது நான் அவன் காதுக்குப் பக்கத்தில் போய் ஒரே ஒரு வார்த்தை சொல்வேன். விடு.

விடு. அந்த வார்த்தையைத்தான் அன்றைக்குக் கத்தினேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், இதே மைதானம், கோயில் திருவிழாக் கோப்பை, இறுதி ஆட்டம். நான் டெரன்ஸ் டீமில் கீப்பர், அவன் கேப்டன், பன்னிரண்டு வருஷம் ஒரே அறையில் உடை மாற்றியவர்கள். எதிராளியின் தலை உயரத்துக்குக் காலைத் தூக்கினான் டெரன்ஸ், படவில்லை, ஆனால் ஆபத்தான ஆட்டம், இன்டைரக்ட். அன்றைய ரெஃப்ரி கையைத் தூக்கினார், நான் பார்த்தேன், என் கண் பார்த்தது, தூக்கிவிட்டு வேர்வையைத் துடைக்க இறக்கினார், இறக்கியவர் மறந்துவிட்டார். அவர்கள் ஆள் நேராக அடித்தான். பந்து கிளம்பியதுமே தெரிந்தது, யாரும் தொடவில்லை, நான் தொட்டால்தான் கோல். விடு, விடு என்று கத்தினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பந்து என் காதை உரசிய மாதிரி போய் வலையில் விழுந்தது. ரெஃப்ரி நடுக்கோட்டைக் காட்டினார். கோல். நான் ஓடிப்போய் மன்றாடினேன், சார், இன்டைரக்ட் சார், நீங்கதான சார் கையத் தூக்குனீங்க. அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஒன்றுக்குச் சைபர். அன்று சாயங்காலம் கிளப் கமிட்டிக்கு முன்னால் டெரன்ஸ் எழுந்து சொன்னான், இன்டைரக்டாவது மண்ணாவது, கோலுன்னா கோலுதான், கண்ணு முன்னால வந்த பந்தைக் கையக் கட்டிட்டுப் பாத்தான், எவன்கிட்ட விலை போனான்னு அவனையே கேளுங்க. அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அதற்குப் பிறகு என் பெயர் இன்னாசிமுத்து இல்லை. விடுமுத்து. மீன் மார்க்கெட்டில் என் மனைவி ரெஜினாவைக் காட்டி, விடுமுத்து பொண்டாட்டி என்று ஒருத்தி சொல்ல, இவள் வாங்கிய மீனை அங்கேயே போட்டுவிட்டு வெறும் கூடையோடு வந்து நின்றாள். ஒரு விளையாட்டு விடுதியில் கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை, முதல் தேதி வந்து சேருங்கள் என்று சொல்லியிருந்தார்கள், அடுத்த வாரமே வேறு ஆள் பார்த்துவிட்டோம் என்றார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை. அப்பா செத்தபோது பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் தாங்கியவன் டெரன்ஸ். வெள்ளைச் சட்டை, கண் சிவந்திருந்தது. அன்றாவது வாயைத் திறப்பான் என்று கல்லறைத் தோட்டம்வரை பார்த்துக்கொண்டே போனேன். அப்பா நல்ல மனுசன் என்றான். போய்விட்டான்.

உப்புக் கம்பெனி எடைமேடையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இரண்டு லாரிக்கு நடுவில் ஒரு யுகம் இருக்கிறது. அந்த யுகத்தில்தான் விதிப்புத்தகத்தைப் படித்தேன், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரிவரியாக. இப்போது எங்கள் கம்பெனி டீமுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்லித்தருகிறேன். விசில் கேட்டால் முதலில் ரெஃப்ரி கையைப் பாருங்கள், பந்தை அல்ல. சந்தேகம் என்றால் வாயைத் திறந்து கேளுங்கள், டைரக்டா இன்டைரக்டா என்று, கேட்பதில் கேவலம் இல்லை. கை தூக்கியே இருந்தால் இன்னொருவன் தொட்டால்தான் கோல். பந்தை மறிக்க ஆட்கள் சேர்ந்து நிற்கிற சுவர் பத்து கெஜம் தள்ளி நிற்க வேண்டும், நாம் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்து நின்றால் எதிராளி ஒரு மீட்டர் தள்ளித்தான் நிற்க முடியும், ஒட்டி நின்று இடித்தால் சொல்லுங்கள். பந்து அசைந்தால்தான் ஆட்டம் தொடங்கியது, மேலே காலை வைத்துவிட்டு எடுத்தால் அது அசைவு இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், கோச்சாக இருப்பவன் இதையெல்லாம் ஆட்டத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும், பந்து வலைக்குள் போன பிறகு கத்திப் பிரயோசனம் இல்லை. எல்லாம் சொல்லியிருக்கிறேன். ஆனால் இப்போது, இந்த நிமிஷம், சொல்ல முடியவில்லை. எங்கள் கேப்டன் பாக்கியநாதன் ஐந்து பேரை இழுத்துக்கொண்டுவந்து சுவர் கட்டுகிறான். சுவர் வேண்டாம்டா. ஐந்து பேர் என்றால் பத்து தோள், ஐந்து தலை, யாராவது ஒருத்தன் தலைமுடியில் பந்து உரசினால் போதும், கோல், நான் மறுபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றவன் ஆவேன், இந்தத் தடவை நிஜமாகவே கோல். எல்லோரும் ஒதுங்குங்கள், நேராக அடித்தால் கோல் இல்லை என்று ஒரு சத்தம் போட்டால் முடிந்தது. போட்டால் டெரன்ஸுக்கும் கேட்கும். கேட்டால் தெரிந்துகொள்வான். என் ஆட்களுக்குச் சொல்லித்தர வாயில்லாமல், எதிரிக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று நிற்கிற கோச்சு உலகத்திலேயே நான் ஒருத்தன்தான். சுவரை இடது பக்கமாக நகர்த்துகிறேன், இன்னும், இன்னும் ஓர் அடி. வலது பக்கத்தைத் திறந்துவிடுகிறேன், கதவைத் திறந்து வைப்பதுபோல. குதிக்காதீங்க, யாரும் குதிக்கக் கூடாது, காலு தரையில இருக்கட்டும். அண்ணே, குதிக்காம எப்படிண்ணே என்கிறான் பாக்கியநாதன். சொன்னதச் செய்யி என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

கையைத்தான் நம்ப முடியவில்லை. முப்பது வருஷம் பந்து வந்தால் மேலே போகப் பழகின கை. வேண்டாம் என்று மூளை சொல்வதற்குள் போய்விடும். அதற்காகவும் பழகினேன். இரண்டு மாதமாக விடியற்காலையில் லிங்கதுரையை வரச்சொல்லி இருபது, முப்பது பந்து அடிக்கச் சொன்னேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றேன். முதல் நாள் இரண்டு தடவை கை தானாக வெளியே வந்தது. பிறகு வரவில்லை. என்னண்ணே இது, பந்தைப் பிடிக்காம இருக்கவா பிராக்டிஸு என்று சிரித்தான். பயம் போறதுக்கு என்று சொன்னேன், நம்பினான். ராமேஸ்வரத்துக்கு லோடு போய்விட்டு ராத்திரியெல்லாம் விழித்த கண்ணோடு வந்து அடித்தான் ஒருநாள். இன்றைக்கு மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிவந்திருக்கிறான், அப்பா ஆடுறதைப் பாக்கணும்னு சொல்லிச்சுவ அண்ணே என்று வாசலிலேயே எனக்குக் காட்டினான், சின்னது கையில் ஐஸ்குச்சி. இப்போது அந்தப் பக்கம் பார்க்காதே. அவன் மேல் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கோல் விழப் போவதில்லையே. கோல் கிக்தான், பந்து எங்களுக்குத்தான், அவனுக்கு என்ன நஷ்டம், பத்து நிமிஷத்தில் மறந்துவிடுவான். இதை எத்தனை தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன், யாருக்கும் சேதம் இல்லை, டெரன்ஸைத் தவிர. கணுக்கால்காரன் எழுந்துவிட்டான். டீச்சர் பின்னோக்கி நடந்து சுவரை அளந்து நிறுத்துகிறார், கை இன்னும் இறங்கவில்லை, இடது கையால்தான் வேர்வையைத் துடைக்கிறார். இந்த டீச்சர் கையை இறக்க மாட்டார். நாசரேத்துப் பக்கம் ஏதோ பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, மூன்று ஆட்டம் பார்த்துவிட்டேன், பிசகு கிடையாது. டெரன்ஸ் பந்தைத் திருப்பித் திருப்பி வைக்கிறான், காற்றடிக்கிற வாயை மேலே பார்க்க வைக்கிறான். அடிடா. நேராக அடி. உனக்காகத்தான் அந்த மூலை. உள்ளே ஒரு சந்தோஷம் இனிக்கிறது, சொல்ல வெட்கமாக இருக்கிற சந்தோஷம்.

டெரன்ஸ் நிமிர்ந்தான். நாலு எட்டு பின்னால் போகவில்லை. டீச்சர் பக்கம் திரும்பி, சாதாரணமாக, கடையில் விலை கேட்கிற மாதிரி கேட்டான்.

“இன்டைரக்ட்தான, டீச்சர்? ரெண்டாவது ஆள் தொடணும்லா?”

டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார். அவன் பத்தாம் நம்பரைக் கூப்பிட்டு காதில் ஏதோ சொன்னான். தெரியும். அவனுக்குத் தெரியும். இது இன்று நேற்று படித்தவன் கேட்கிற கேள்வி இல்லை, படித்தவன் தயங்குவான், இவன் தயங்கவில்லை. போன வாரம் நேராக அடித்தானே, இரண்டையும், அன்று ரெஃப்ரி கை, அன்று ரெஃப்ரி கை எங்கே இருந்தது, நான் பார்க்கவில்லை, பந்தைத்தான் பார்த்தேன், கையைப் பாருங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். டைரக்ட்டாக இருந்திருக்கும். அப்படியென்றால் அன்றைக்கு. கமிட்டி ரூமில் மண்ணாவது என்றானே, தெரியாதவன் திமிரில் சொல்கிறான் என்றுதானே ஒன்பது வருஷமும் நினைத்தேன், ரூல் தெரியாத ஜென்மம், முட்டாள், முட்டாள் என்று திட்டித்திட்டித்தானே தூங்கினேன். தெரிந்தே சொல்லியிருக்கிறான். ஃபவுல் அவனுடையது, கை தூக்கியதை அவனும் பார்த்திருக்கிறான், எனக்கு ஐந்தடி முன்னால்தானே நின்றான். தெரிந்துகொண்டே அப்பாவின் பெட்டியைத் தூக்கினான். கண் சிவக்க. பத்தாம் நம்பர் பந்துக்குப் பக்கத்தில் காலை வைக்கிறான். முத்து, பந்தைப் பார். தட்டப் போகிறான், இன்னொருவன் தொட்டாயிற்று என்றால் இனி இது எல்லாப் பந்தும்போல ஒரு பந்து, பிடிக்க வேண்டிய பந்து. விசில். தட்டினான், ஓர் அடி நகர்ந்தது, டெரன்ஸின் வலது கால் வந்தது. மூலை திறந்திருந்தது, நான் திறந்து வைத்தது. சுவரில் ஒருத்தனும் குதிக்கவில்லை. என் கை போகவில்லை. இரண்டு மாதம் பழக்கியது. பின்னாலேயே கட்டிக்கொண்டு நின்றது.

இரண்டுக்கு ஒன்று. காம்பவுண்டுச் சுவர்மேல் சத்தம். டெரன்ஸ் கொடிக்கம்பத்துக்கு ஓடவில்லை, சட்டையைத் தூக்கவில்லை. கட்டிப்பிடிக்க வந்தவர்களை விலக்கிவிட்டுப் பந்தை எடுக்க வலைக்குள் வந்தான், குனிந்தபோது மூச்சு இரைத்தது. அவ்வளவு பக்கத்தில் ஒன்பது வருஷமாக நாங்கள் நின்றதில்லை. ஒனக்கு இந்த ரூல் எப்பலருந்து தெரியும் என்று கேட்டேன். அவன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“எப்பவும் தெரியும், முத்து. அன்னைக்கு நீ செஞ்சதுதான் சரி. ஃபவுல் என்னோடது, கேப்டன் வேற. யார் மேலயாவது போட்டாகணும்லா.”

மன்னிப்பு இல்லை அது. காலையில் என்ன சாப்பிட்டான் என்று சொல்கிற குரல். நான் அடிக்கக் கையை ஓங்கியிருப்பேன், அதற்குள் இன்னொன்றும் சொன்னான், மெதுவாக, வேறு யாருக்கும் கேட்காமல். காலால அடிக்க நேரம் இருந்துச்சே, நானும் பாத்தேன், எதுக்குக் கையால எடுத்த. சொல்லிவிட்டு நடுக்கோட்டுக்கு நடந்துவிட்டான். பதிலுக்கு அவன் நிற்கவில்லை. தேவைப்படவில்லை அவனுக்கு.

அந்தப் பக்கம் பாக்கியநாதன் லிங்கதுரையைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஏம்ல, வெளிய தள்ளிவிட்டிருக்கலாம்லா, எதுக்குல உள்ள தட்டுன, ஒன்னால போச்சு, வெளிய போ, வேற ஆள இறக்குதேன். லாரியை அடைத்துக்கொண்டு நிற்கிற லிங்கதுரையின் அவ்வளவு பெரிய உடம்பு சட்டையின் ஓரத்தைத் திருகிக்கொண்டு நின்றது. சும்மா இருந்தால் போதும். ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் அவன் வெளியே போய்விடுவான், தப்பு அவனோடு போய்விடும், நான் விழுந்து எடுத்த பாவப்பட்ட கீப்பர். எவ்வளவு சுலபம். டெரன்ஸுக்கும் அன்று இவ்வளவு சுலபமாகத்தான் இருந்திருக்கும், இவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும். அவன் நடுக்கோட்டில் நின்று என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. நான் அவனைப்போல ஆகிறேனா என்று பார்க்கிறானா. ஆகட்டும் என்று பார்க்கிறானா. அந்தச் சந்தோஷத்தை மட்டும் அவனுக்குக் கொடுக்க மாட்டேன், அதற்காகத்தான் வாயைத் திறந்தேன், நல்லவன் என்பதால் இல்லை.

“அவன விடு, பாக்கியம். அவன் மேல தப்பு இல்ல. நான் வேணும்னுதான் கையால எடுத்தேன்.”

பாக்கியநாதன் என் தோளைத் தட்டினான். அண்ணே, ஒங்க பெரிய மனசுக்கு இதெல்லாம் சொல்லுவிய, சரி விடுங்க, ஆடுவோம், இன்னும் நேரம் இருக்கு என்றான். ஏல லிங்கம், அண்ணன் சொன்னதால விடுதேன் என்று அவனிடம் விரலை ஆட்டிவிட்டு ஓடினான். அன்று உண்மையைச் சொன்னபோது பொய்யன் என்றார்கள், இன்று உண்மையைச் சொன்னால் பெரிய மனசு என்கிறார்கள். ஆனால் லிங்கதுரை ஓடவில்லை. தட்டியவன் அவன், அந்தப் பந்து எப்படி வந்தது என்று அவன் காலுக்குத் தெரியும். நான் மெதுவாத்தாண்ணே தட்டுனேன் என்றான், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு என் கையைப் பார்த்தான், இரண்டு மாதம் விடியற்காலையில் பார்த்த கையை. முகம் மாறியது.

“ஏண்ணே?”

டெரன்ஸ் முகத்தைப் பார்க்கணும்னு நினைச்சேன் என்றேன். தாடையால் நடுக்கோட்டைக் காட்டினேன். லிங்கதுரை திரும்பி டெரன்ஸைப் பார்த்தான், ஒரு தொப்பை போட்ட ஆள், சாக்ஸ் சரிந்திருந்தது. அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவனுக்கு விளங்கவில்லை. ஒன்பது வருஷத்தை நான் எங்கே இருந்து தொடங்க. டீச்சர் விசிலை வாயில் வைத்துவிட்டார், கடிகாரத்தைப் பார்க்கிறார். எம்பிள்ளைய ரெண்டும் பாத்துக்கிட்டு இருக்குவண்ணே என்றான் லிங்கதுரை. கோபமாகச் சொல்லவில்லை. சட்டை ஓரத்தை இழுத்துச் சரிசெய்துகொண்டு தன் இடத்துக்குப் போனான்.

மிச்சம் பதினோரு நிமிஷம். அவன் நன்றாக ஆடினான், நான் பார்த்ததிலேயே நன்றாக. ஒரு தடவை இரண்டு பேர் அவனைக் கொடிக்கம்பத்தோடு சேர்த்து நெருக்கினார்கள், நான் நாலு எட்டு வெளியே வந்து, லிங்கம், இங்க, இங்க என்று கூப்பிட்டேன், கூப்பிட்டது அவனுக்குக் கேட்டது, தலை பாதி திரும்பியது. பந்தை ஓங்கி வெளியே அடித்தான். அதற்குப் பிறகும் மூன்று முறை. ஒருமுறைகூட என் பக்கம் தட்டவில்லை.